ஒரு நாளும் ஓடாத ராணுவ இன்ஜின்கள்!

பாதிக் கூரை இடிந்த பழைய தொழிற்சாலை. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரோரமாக வரிசையாகப் பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கிறது. சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே எண்ணெய் பூசிய லாரி இன்ஜின். அரை டன்னுக்கு மேல் கனம். தகட்டில் இருக்கும் தேதியைப் பார்த்தால், நம்மில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டோம். அந்த இன்ஜின் இதுவரை ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

பழைய ராணுவ வண்டிகளைச் சேகரிப்பவர்கள் கனவு காணும் காட்சி இது. கனவு என்று சொன்னாலும், அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெட்டிகள் ஏலத்திலோ, பழைய கிடங்கிலோ, மூடிப்போன பட்டறையிலோ அவ்வப்போது வெளியே வரத்தான் செய்கின்றன.

காசு கொடுத்துச் செய்து, இவ்வளவு அக்கறையாகப் பொட்டலம் கட்டி, கடைசியில் ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்? அதைத் தெரிந்துகொள்ள கேன்டன் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

இன்ஜின் மட்டும் செய்த கம்பெனி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் தொழில் நகரம் கேன்டன். அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு அந்த விளையாட்டின் புகழ்பெற்ற வீரர்களைக் கௌரவிக்கும் அரங்கம் இருக்கும் ஊர். நம் லாரி மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான டிம்கென் பேரிங் கம்பெனி வளர்ந்ததும் அங்கேதான். அதே ஊரில் 1915-ல் தொடங்கப்பட்டது ஹெர்குலஸ்.

இந்த கம்பெனி லாரி செய்யவில்லை, கார் செய்யவில்லை. இன்ஜின் மட்டும் செய்தது. டிராக்டர், படகு, கம்ப்ரெஸர், லாரி என்று யார் கேட்டாலும் செய்து கொடுத்தது. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி செய்கிற இன்ஜின் வேறு கம்பெனி டிராக்டரில் உட்கார்ந்து வயலுக்குப் போகிறதே, அந்த மாதிரி. வண்டியின் நெற்றியில் இருப்பது இன்னொருவர் பெயர். பானெட்டைத் திறந்தால்தான் இவர்கள் பெயர் தெரியும். அதனால் ஹெர்குலஸ் என்ற பெயர் சாதாரண மக்களிடம் பெரிதாகப் பரவவில்லை.

ஆனால், அதன் இன்ஜின்களில் ஒன்று உலகப் போரில் செய்த வேலை சாதாரணமானதல்ல.

ஜே.எக்ஸ்.டி என்று பெயர். ஆறு சிலிண்டர், 5.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். திறன் சுமார் 86 குதிரைசக்தி. இன்று ஒரு சின்ன காரிலேயே இந்த சக்தி வந்துவிடுகிறது. இந்த இன்ஜினை வைத்து ஸ்டூட்பேக்கர் கம்பெனி ‘யு.எஸ்.6’ என்ற ராணுவ லாரியைச் செய்தது. பெரும்பாலானவற்றில் ஆறு சக்கரமும் இழுக்கும். போர் முடிவதற்குள் இந்த மாடலில் சுமார் 2 லட்சம் லாரிகள் வெளியே வந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி அமெரிக்க ராணுவத்துக்கே போகவில்லை. கடனுதவித் திட்டத்தில் சோவியத் யூனியனுக்குப் போனது.

நிறைய லாரிகள் பிரித்த பாகங்களாக ஈரான் துறைமுகங்களுக்குப் போயின. அங்கே அவற்றைக் கோத்து, மலைகளைத் தாண்டி வடக்கே ஓட்டிப்போனார்கள். ரஷ்ய டிரைவர்கள் ஆசையாக வைத்த பெயர் ‘ஸ்டூடர்’. வசந்தகாலத்தில் பனி உருகினால் ரஷ்யாவின் மண் சாலைகள் சேறாகிவிடும். அந்தச் சேற்றிலும் இந்த லாரி போனது. ஜெர்மன் வீரர்களை நடுங்கவைத்த கத்யூஷா ராக்கெட்டுகளை, போரின் பிற்பாதியில் பெரும்பாலும் இந்த லாரிகளின் முதுகில்தான் ஏற்றினார்கள்.

கேன்டனில் வார்த்த இரும்பு, ரஷ்யச் சேற்றில் ராக்கெட் சுமந்தது. இது போரின் கதை. பச்சைப் பெட்டியின் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது.

பெட்ரோலைக் குடித்தே பெட்ரோல் சுமந்தார்கள்

1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் வேகமாக முன்னேறின. வேகம் கூடியதே பிரச்னையாகிவிட்டது. டாங்கிகள் முன்னால் ஓடிவிட்டன, எரிபொருள் பின்னால் கடற்கரையில் நின்றது. ஜெனரல் பேட்டனின் படையே எண்ணெய் இல்லாமல் நிற்க வேண்டி வந்தது.

எண்ணெயும் குண்டும் சோறும் கொண்டுபோக, ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான லாரிகளை இரவு பகலாக ஓட்டினார்கள். டிரைவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின வீரர்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் நடு வரை அந்த ஓட்டம் நடந்தது. போர்க்களம் தள்ளிப்போகப் போக, கொண்டுபோகிற பெட்ரோலில் கணிசமான பங்கை அந்த லாரிகளே வழியில் குடித்தன.

இந்த அனுபவம் ராணுவத் திட்டக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த போர் ஐரோப்பாவில் வந்தால், அது அணுகுண்டு காலப் போர். துறைமுகமும் எண்ணெய்க் கிடங்கும் முதல் நாளே போய்விடலாம். அப்போது டிரைவர் என்ன செய்வான்? வழியில் கிடைப்பதை ஊற்றுவான். விவசாயியின் டீசல், வீட்டு மண்ணெண்ணெய், விமானத்தின் எரிபொருள், கடைசியில் பெட்ரோல். இதில் எதை ஊற்றினாலும் ஓடுகிற இன்ஜின் வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்பது சுலபம். பெட்ரோலும் டீசலும் குணத்தில் எதிரெதிர். டீசல், சூடான காற்றில் தானே பற்றிக்கொள்ள வேண்டிய சரக்கு. பெட்ரோல், தானே பற்றிக்கொள்ளக் கூடாத சரக்கு. இரண்டையும் ஒரே அடுப்பில் எரிப்பது எப்படி?

தோசைக்கல் தந்திரம்

இதற்கு வழி ஜெர்மனியின் மான் கம்பெனியில் கிடைத்தது. 1950-களில் அங்கே வேலை பார்த்த சீக்ஃப்ரீட் மாய்ரர் என்ற பொறியாளர் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார்.

சாதாரண டீசல் இன்ஜினில், அழுத்தத்தில் சூடான காற்றுக்குள் டீசலைப் பனிமூட்டம் போலப் பீய்ச்சுவார்கள். அது பட்டென்று பற்றும். அந்த ‘டக்டக்’ சத்தம் அதனால்தான். மாய்ரர் பிஸ்டனின் தலையில் உருண்டையாக ஒரு குழி தோண்டினார். எரிபொருளைக் காற்றில் அடிக்காமல், அந்தக் குழியின் சூடான சுவரில் படியும்படி பீய்ச்சினார். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிறோமே, அந்த மாதிரி மெல்லிய படலம். சுழன்றுவரும் காற்று அந்தப் படலத்திலிருந்து ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய் எரிக்கும். மொத்தமாகப் பற்றி வெடிக்கிற வேலையே கிடையாது. சத்தம் குறைந்தது. அதைவிட முக்கியமாக, எந்த எண்ணெய் என்று இன்ஜின் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

அமெரிக்காவில் கான்டினென்டல் கம்பெனி இந்த முறையை உரிமம் வாங்கி, ராணுவத்துக்கு ‘மல்டிஃப்யூயல்’ இன்ஜின்களை வடிவமைத்தது. அதில் பேர்பெற்றது எல்.டி.டி-465. ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டர்போ உண்டு. ஊற்றிய எண்ணெய் கனமானதா, நீர்த்ததா என்பதை உணர்ந்து, பீய்ச்சும் அளவைத் தானே கூட்டிக் குறைக்க ஒரு கருவியும் வைத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, முழுக்க மெக்கானிக்கல் வேலை!

பெட்ரோலையும் குடிக்கும் என்றாலும், அதை விரும்பிக் குடிக்காது. வேறு வழியில்லாதபோது ஊற்றலாம். அப்போதும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து ஊற்றுவது நல்லது என்பது இதை ஓட்டிப் பழகியவர்களின் கணக்கு.

இந்த இன்ஜின் உட்கார்ந்த வண்டி எம்-35. அமெரிக்க வீரர்கள் ‘இரண்டரை’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார்கள், இரண்டரை டன் லாரி என்பதால். வியட்நாம் போர்ப் படங்களில் வீரர்களை ஏற்றிக்கொண்டு போகும் பச்சை லாரி நினைவிருக்கிறதா? பெரும்பாலும் அதுதான். சில டர்போக்கள் போடும் விசில் சத்தம் வெகுதூரம் கேட்கும். மறைந்து போக வேண்டிய ராணுவ லாரி விசிலடித்துக்கொண்டு போவது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

தேவை பெருகியதால் ராணுவம் வேறு கம்பெனிகளிலும் இதே இன்ஜினைச் செய்யச் சொன்னது. அதில் ஒன்று கேன்டனின் ஹெர்குலஸ். ஸ்டூடருக்கு இன்ஜின் கொடுத்த அதே கம்பெனி, இப்போது எதையும் குடிக்கும் இன்ஜினைச் செய்தது.

நமக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. நம் ராணுவத்தில் பல ஆண்டுகள் ஓடிய சக்திமான் லாரி, மாய்ரர் வேலை பார்த்த அதே மான் கம்பெனியின் உரிமத்தில் ஜபல்பூரில் செய்யப்பட்டதுதான்.

டப்பாவில் அடைத்த தயார்நிலை

ராணுவம் லாரி மட்டும் வாங்காது. லாரிக்கு ஒரு மாற்று இன்ஜினும் வாங்கி வைக்கும். போர்முனையில் உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க நேரம் ஏது? பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, வண்டியை அனுப்ப வேண்டும். எத்தனை இன்ஜின் பழுதாகும், எத்தனை குண்டில் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஆர்டர் கொடுப்பார்கள்.

அப்படி வரும் இன்ஜினுக்குள் துருப்பிடிக்காத எண்ணெயைச் சுற்றவிட்டு, திறந்த வாய்களையெல்லாம் அடைத்து, இரும்புப் பெட்டியில் இறக்குவார்கள். ஈரத்தை உறிஞ்சும் பைகளைக் கூடவே போடுவார்கள். புது ஷூ வாங்கினால் டப்பாவில் ஒரு குட்டிப் பை இருக்குமே, அதன் அண்ணன். ஈரம் நுழைந்திருக்கிறதா என்று காட்ட ஒரு அட்டையும் இருக்கும். நீலமாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வம்பு.

பெட்டிகள் காத்திருந்தன. ஐரோப்பாவில் அந்தப் பெரும்போர் வரவில்லை.

அதோடு இன்னொன்றும் நடந்தது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவும் அதன் கூட்டணி நாடுகளும் யோசனையை அப்படியே திருப்பிப் போட்டன. எதையும் குடிக்கும் இன்ஜின் எதற்கு? டாங்கி, லாரி, ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயைக் கொடுத்துவிட்டால் போதுமே! விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜே.பி-8 எல்லாருக்கும் பொது எண்ணெய் ஆனது. எதையும் சாப்பிடப் பழக்கி வளர்த்த பிள்ளைக்கு, தினமும் ஒரே சாப்பாடு என்று ஆகிவிட்டது. 1990-களில் புது ராணுவ லாரிகள் வந்தன. எம்-35-லேயே சிலவற்றுக்குக் கேட்டர்பில்லர் டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். மல்டிஃப்யூயலுக்கு வேலை போனது. மாற்று இன்ஜின்கள் பெட்டியோடு ‘உபரி’ என்ற பட்டியலுக்குப் போயின.

ஒரு தடவைகூட ஓடாத இன்ஜினுக்கு மக்கள் வரிப்பணம் போயிருக்கிறது, இது வீண்தானே என்று கேட்கலாம். கணக்குப் புத்தகப்படி வீண்தான். ஆனால், அந்தப் பெட்டி திறக்கப்பட்டிருந்தால், எங்கோ ஒரு லாரி நின்றுபோயிருக்கும். அதன் டிரைவருக்கு என்ன ஆனதோ! எனக்கென்னவோ, திறக்காத பெட்டியைப் பார்த்தால் வயிற்றெரிச்சல் வரவில்லை. வயிற்றெரிச்சல் வருவது கேன்டனின் கதையில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுப்பும்போது ஜாக்கிரதை

பெட்டி கிடைத்துவிட்டது, அட்டையும் நீலமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பேட்டரியைக் கட்டி ஸ்டார்ட் பண்ணிவிடலாமா? பண்ணினால் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த இன்ஜினைச் சில நொடிகளில் கொன்றுவிடலாம்.

முதலில் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார்கள். ஈர வாடை இருக்கிறதா என்று. பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கிய தடம் இருந்தால், இன்ஜினின் அடிப்பாகத்தை முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த வேலையே இல்லை. பிறகு பழைய எண்ணெயை வடிப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் புது ஆயில் விட்டு, ஒன்றிரண்டு நாள் ஊறவிடுவார்கள். அதற்குப் பிறகு கையால் சுற்றுவார்கள், மோட்டார் வைத்து அல்ல. நீளமான ஸ்பேனரைப் போட்டு, கால் சுற்று, அரைச் சுற்று. எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலத்தைக் காட்டினால் வளைவது வால்வாக இருக்கும்.

இரும்பு தாங்கும், ரப்பர் தாங்காது. ஆயில் சீல்களும் ஹோஸ்களும் இறுகி, பழைய செருப்பு மாதிரி வெடித்திருக்கும். அதையெல்லாம் மாற்ற வேண்டும். பின்பு எண்ணெய் பீய்ச்சாதபடி அடைத்துவிட்டு, வெறுமனே ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று மீட்டரைப் பார்ப்பார்கள்.

மிகப் பெரிய ஆபத்து எண்ணெய் பம்ப்பில்தான் இருக்கிறது. அதன் உள்ளே முடியளவு இடைவெளியில் ஏறி இறங்கும் உருளையும், அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகமும் இருக்கின்றன. பழைய எண்ணெய் பிசினாக இறுகி, அந்தப் பாகத்தை ‘முழு அளவு’ நிலையில் ஒட்டிக்கொள்ளச் செய்யலாம். ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் வேகமெடுக்கும், நிற்காது. பெட்ரோல் வண்டி என்றால் சாவியைத் திருப்பி, தீப்பொறியை நிறுத்திவிடலாம். டீசல் வகைக்குத் தீப்பொறியே கிடையாது. எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும், எண்ணெயோ நிற்க மாட்டேன் என்கிறது. இந்த இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 2,600 சுற்றுதான் எல்லை. அதைத் தாண்டிப் பறந்தால், கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜினின் பக்கச் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் நிற்கிறவர் கதி?

அதனால், விவரம் தெரிந்தவர்கள் முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவரைக் கனமான பலகையோடு காற்று உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இன்ஜின் ஓட்டம் பிடித்தால், பலகையை வாயில் வைத்து அடைக்க வேண்டியதுதான். காற்று இல்லாமல் தீ எரியாது, இன்ஜின் நின்றுவிடும். கையை வைத்து அடைக்கக் கூடாது, கையையே இழுத்துக்கொள்ளும் வேகம் அது. நம்மூரில் டீசல் பம்ப்செட் திடீரென்று எகிறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், முதலில் வெள்ளைப் புகை, ஊறவைத்த ஆயில் எரிகிற நாற்றம், அதற்குப் பிறகு சீரான ஓட்டம். வேகம் கூட்டினால் அந்த விசில்.

போருக்குப் பின் ஒரு பிழைப்பு

இப்படி எழுந்த இன்ஜின்கள் எங்கே போகின்றன? கொஞ்சம் சேகரிப்பாளர்களிடம். ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டும் ஆசாமிகளிடம் கொஞ்சம். கிராமப்புறத் தீயணைப்புப் படைகளுக்கும் இந்த ராணுவ லாரிகள் போயின. அங்கெல்லாம் தொண்டர்கள்தான் தீயணைப்பு வீரர்கள், புது வண்டி வாங்கப் பணம் இருக்காது. ராணுவம் கழித்த லாரியை அரசுத் திட்டத்தில் வாங்கி, முதுகில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, காட்டுத்தீயை அணைக்கப் போகிறார்கள். இன்ஜின் போனால் மாற்று வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பச்சைப் பெட்டி ஒன்று கிடைப்பது நிஜமாகவே லாட்டரிதான்.

போர் முடிந்ததும் லாரி பிழைப்புக்கு வருவது நம் பக்கத்திலும் நடந்த கதையே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பர்மாவில் தங்கிவிட்ட செவர்லே ராணுவ லாரிகள், பல பத்தாண்டுகள் அங்கே பயணிகள் பஸ்ஸாக ஓடின. பிலிப்பைன்ஸில் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வர்ணம் பூசி, ‘ஜீப்னி’ ஆக்கினார்கள். இந்தியாவிலும் ‘மிலிட்டரி டிஸ்போசல்’ லாரிகளை வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. வீட்டில் வயதான லாரிக்காரத் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மூடிய கதவு

இன்ஜினுக்கு மறுவாழ்வு கிடைத்தது. அதைச் செய்த இடத்துக்கு?

ஹெர்குலஸ் 1960-களிலிருந்து பல முதலாளிகள் கைமாறியது. பெயரும் ஒருமுறை ‘ஒயிட்’ என்று மாறி, மறுபடி ஹெர்குலஸ் ஆனது. அதனால்தான் ஒரே ஊரில் பிறந்த இன்ஜின்களில் சிலவற்றின் தகட்டில் ஹெர்குலஸ் என்றும், சிலவற்றில் ஒயிட் என்றும் இருக்கிறது. ராணுவ ஆர்டர் வந்த வருஷங்களில் ஷிஃப்ட் மேல் ஷிஃப்ட். ஆர்டர் குறைந்த வருஷங்களில் ஆட்குறைப்பு. ஒரே வாடிக்கையாளரை அதிகமாக நம்பிய கடையின் நிலைமைதான். அந்த வாடிக்கையாளர் வேறு இன்ஜினுக்குப் போனதும் கதை முடிந்தது. 1999-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அப்பா, பிள்ளை என்று வேலைக்குப் போன பழக்கம் ஊருக்கு இருந்தது. உபரி இன்ஜினை ஏலத்தில் எடுக்க ஆள் வந்தது. ஐம்பது வயதில் உபரியாகிப்போன லேத் தொழிலாளியை எடுக்க யார் வருவார்கள்?

செங்கல் கட்டடங்கள் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தன. கண்ணாடிகள் உடைந்தன, செடிகள் முளைத்தன. பிறகு அதை வரலாற்றுச் சின்னமாகக் கணக்கில் எடுத்து, ஒரு பகுதியைப் புதுப்பித்து, அடுக்குமாடி வீடுகளாக மாற்றினார்கள். தொழிற்சாலையின் பெரிய பெரிய ஜன்னல்களை அப்படியே விட்டு, புதுக் கண்ணாடி போட்டார்கள்.

கட்டடத்தின் பெயர் இப்போதும் ஹெர்குலஸ்தான். வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.